ஆணியில்லாத ஓக் சட்டம், கோணல் தூண்கள்: இங்கிலாந்து கிராமத்துப் பப் பற்றி ஒரு கேள்வி

முளகுமூடு மரக்கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முளகுமூட்டில் எங்களுக்கு மரக்கடை. அப்பா காலத்திலிருந்து தேக்கு, அயனி, பலா, ஈட்டி என்று மரத்தோடேயே பழகிய குடும்பம். மகள் இங்கிலாந்தில் வூஸ்டரில் நர்ஸாக இருக்கிறாள். இந்த வருஷம் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, மருமகன் எங்களை ஈவ்ஷாம் பக்கத்தில் பிரெட்ஃபோர்டன் என்ற கிராமத்துக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ‘ஃபிளீஸ் இன்’ என்று ஒரு பழைய பப்.

வெளிச்சுவர் பூராவும் மரச்சட்டம், சட்டத்துக்கு நடுவே வெள்ளைக் கட்டங்கள். நாம் பார்க்கிற மாதிரி இழைத்து நேராக்கிய மரம் இல்லை. காட்டில் எப்படி வளைந்து நின்றதோ அப்படியே தூணாகவும் உத்திரமாகவும் நிற்கிறது. தூண்களில் நீளவாக்கில் வெடிப்பு, சிலவற்றில் விரலே நுழைகிறது. இரும்பு ஆணி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. 600 வருஷக் கட்டடம் என்று மருமகன் சொன்னார். எனக்குச் சாப்பாட்டில் மனசு போகவில்லை, தூண்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவ்வளவு கோணலான சட்டம் எப்படி விழாமல் நிற்கிறது? கட்டும்போதே கோணலா, பிறகு சாய்ந்ததா? மழை நேராக மரத்தில் அடிக்கிறதே, உளுத்துப்போகாதா? சிதல், அதாவது கறையான், ஏறாதா? அந்தக் கறுப்பு என்ன, தாரா?

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருவட்டாறு பக்கத்தில் எங்கள் குடும்ப வீடு இருக்கிறது. அறைப்புரையும் (நெல்லும் பொருளும் வைக்கும் மர அறை) பலகை நிரையும் (பலகைச் சுவர்) உள்ள வீடு. தம்பிமார் அதற்கு உள்ளும் புறமும் சிமெண்ட் பூசிப் பலப்படுத்த வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

---

வேளிமலை எழுதியது:

அண்ணாச்சி, இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியாது. நான் குழித்துறைக்காரி. திருவனந்தபுரத்தில் கட்டடக்கலை படித்தேன். பிறகு இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டுஷைர் பகுதியில் பழைய மரவீடுகளைப் பழுதுபார்க்கும் தச்சர்களோடு வேலை செய்தேன். இப்போது மார்த்தாண்டத்தில் இருக்கிறேன். ஃபிளீஸை நானும் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கட்டடம் பப்பாகக் கட்டப்பட்டதே இல்லை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பைர்டு என்ற வசதியான விவசாயக் குடும்பம் கட்டிய பண்ணை வீடு. நீளமான ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் மனிதர்கள், மறுபக்கம் மாடுகள். பப்பானது 1848இல்தான். 1830இல் அங்கே பீர்க்கடைச் சட்டம் என்று ஒன்று வந்தது. வரி கட்டுகிற குடும்பத்தலைவர் 2 கினி (அந்தக் காலத்துப் பணக்கணக்கு, 2 பவுண்டுக்குச் சற்று மேல்) கட்டினால் போதும், தன் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்கலாம். அந்தச் சட்டம் வருவதற்கு முன் உள்ளூர் மாஜிஸ்ட்ரேட்டுகளின் அனுமதி வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு கிராமம் கிராமமாகப் பண்ணை வீடுகளின் முன்னறைகள் மதுக்கடைகளாயின. ஃபிளீஸுக்குள் நுழைந்தால் ஒருவர் வீட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றுவது அதனால்தான். பைர்டு குடும்பத்தின் கடைசி வாரிசு லோலா டாப்லின் என்ற அம்மா. 1977இல் இறக்கும்போது கட்டடத்தை, பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்துவிட்டார். 2004 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பெரிய சேதம். பழுதுபார்த்து 2005 ஜூனில் மறுபடி திறந்தார்கள். நீங்கள் தடவிப் பார்த்த சட்டம் அந்தத் தீயையும் தாண்டி நிற்பது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். நம்ம பக்கத்துப் பழைய வீட்டில் வெட்டுக்கல் சுவரோ மண்சுவரோ இருக்கும். அதன் மேல் உத்திரம், உத்திரத்தின் மேல் கழுக்கோல். கூரைப் பாரம் சுவரில் இறங்குகிறது. இங்கிலாந்து மரவீட்டில் சுவர் எதையும் தாங்குவதில்லை. தாழ்வான கல் அடித்தளத்தின் மேல் படுக்கையாக ஓர் அடிக்கட்டை. அதில் நாக்கு (முனையில் செதுக்கிய மெல்லிய நீட்சி) இறக்கி நிற்கும் தூண்கள். தூண் தலைகளை நீளவாக்கில் உத்திரம் கட்டுகிறது, அகலவாக்கில் விட்டம் கட்டுகிறது. கூரைப் பாரம் இந்தச் சட்டம் வழியாகவே கல்லுக்கு இறங்குகிறது. வெள்ளைக் கட்டங்களை எல்லாம் பிய்த்து எடுத்துவிட்டாலும் வீடு நிற்கும்.

தூணும் உத்திரமும் சேர்கிற மூலைகளில் சாய்வாக ஒரு கட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு வைத்தது போலத் தெரியும், ஆனால் உயிரே அதில்தான். அது இல்லாவிட்டால் சட்டம் தீப்பெட்டிக் கூடு மாதிரி ஒரு பக்கமாக மடங்கிவிடும். வளைந்த கிளையைத் தேடிப் பிடித்து அந்த இடத்துக்கு வெட்டுவார்கள். வளைவோடு நார் ஓடுவதால் நேராக அறுத்த கட்டையைவிட அதற்கு வலு அதிகம்.

கோணல் பற்றிக் கேட்டீர்கள். பாதி கட்டும்போதே இருந்தது, பாதி பிறகு வந்தது. ஓக்கை அவர்கள் பச்சையாகவே வேலை செய்தார்கள். வெட்டிய சில மாதங்களில், ஈரம் காயாமல், அப்படியே சட்டமாக்கி நிறுத்தினார்கள். வீடாக நின்ற பிறகுதான் மரம் காய்கிறது. காயும்போது சுருங்கும், முறுக்கும், நீளவாக்கில் வெடிக்கும். நீங்கள் விரல் விட்டுப் பார்த்த வெடிப்பு அதுதான். நார் அறுபடாமல் நாருக்கு இணையாக ஓடுகிற வெடிப்பு என்பதால் தூணின் வலுவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பச்சை மரத்தின் முறுக்கு எல்லாம் முதல் சில பத்தாண்டுகளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சாய்வு கூடினால், அடிக்கட்டை உளுத்திருக்கிறதா, யாராவது விட்டத்தை அறுத்து வாசல் வைத்தார்களா என்று பார்க்க வேண்டும். நான் பார்த்த வீடுகளில் மோசமான சாய்வுக்குக் காரணம் பெரும்பாலும் பிற்காலத்து மனிதர்களின் ரம்பம்தான்.

வெள்ளைக் கட்டத்துக்குள் இருப்பது நமக்கு அந்நியமான சரக்கே இல்லை. மேல்கட்டையில் துளையிட்டு, கீழ்க்கட்டையில் பள்ளம் வெட்டி, ஓக் குச்சிகளை நிறுத்தி, அதில் ஹேசல் என்ற புதர்மரத்தின் கம்புகளைப் பின்னிவிடுவார்கள். அந்த வரிச்சில் மண், சாணி, நறுக்கிய வைக்கோல் குழைத்து இரண்டு பக்கமும் அப்புவார்கள். மேலே சுண்ணாம்பு. மரம் அசைந்தால் மண்ணும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். மழையில் நனையும், காற்றில் காயும். பின்னாளில் பல இடங்களில் இதை எடுத்துவிட்டுச் செங்கல் அடைத்தார்கள். செங்கல் கனம், ஈரத்தையும் பிடித்து வைக்கும். பார்க்க அழகாக இருந்தாலும் சட்டத்துக்கு அது பாரம்.

இவ்வளவு மழையில் எப்படி உளுக்கவில்லை என்றால், ஓக்கின் வைரம் (முற்றிய நடுமரம்) அப்படி. அதில் டானின் என்ற துவர்ப்புச் சத்து நிறைய உண்டு, பூஞ்சையும் பூச்சியும் எளிதில் தொடாது. வெளிப்பட்டை ஒட்டிய வெள்ளையை மட்டும் பூச்சி தின்னும். டானின் இரும்பையும் அரிக்கும், அதனால் பழைய சட்டத்தில் மர ஆணிதான். சிதல் அந்த நாட்டில் இயற்கையாக இல்லை. டெவனில் சான்டன் என்ற இடத்தில் 1994இல் ஒரு வீட்டில் கண்டுபிடித்தபோது அரசாங்கமே இறங்கி வருஷக்கணக்காக ஒழிப்பு வேலை செய்தது, 2021இல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அவர்களுக்கு வேறொரு எதிரி உண்டு, டெத்வாட்ச் வண்டு. ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஓக்கைத்தான் அது தேடிப் போகும். மரம் காய்ந்திருந்தால் அதற்குப் பிழைப்பில்லை.

கறுப்பு விஷயம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். கறுப்பு வெள்ளை என்று நாம் படங்களில் பார்ப்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு மோகம். தார் பூசினார்கள், கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். அதற்கு முன் பல இடங்களில் ஓக்கைச் சும்மா விட்டுவிடுவார்கள். சும்மா விட்ட ஓக் வெள்ளி கலந்த சாம்பல் நிறமாக மாறும், அவ்வளவு அழகு. சில ஊர்களில் மரம், மண் எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். கிழக்கே சஃபோக் பக்கம் அந்தச் சுண்ணாம்பில் காவியோ இளஞ்சிவப்போ கலந்திருக்கும். தாரும் பிளாஸ்டிக் பெயிண்டும் மரத்தின் மூச்சை அடைக்கும். அவற்றை எடுக்கலாமா வேண்டாமா என்று அங்கே இன்றைக்கும் வாதம் நடக்கிறது. நான் எடுக்கலாம் என்ற கட்சி, ஆனால் மணல் பீய்ச்சி எடுக்கக் கூடாது. அது 500 வருஷத்துக்கு முன் மரம் செதுக்கிய வாச்சியின் தழும்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.

உங்கள் வீட்டைப் பற்றி: தயவுசெய்து சிமெண்ட் வேண்டாம் அண்ணாச்சி. இங்கிலாந்திலும் 20ஆம் நூற்றாண்டில் பல வீடுகளில் மண்கட்டத்தை எடுத்துச் சிமெண்ட் பூசினார்கள். மரம் அசையும், சிமெண்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழும். அதில் மழை இறங்கும், திரும்பி வெளியே வர வழியில்லை. ஒரு வீட்டில் சிமெண்டைத் தட்டி எடுத்தபோது அதன் பின்னால் தூணின் கால் காப்பித்தூளாகக் கொட்டியதை நான் கையில் வாங்கினேன். முன்னால் நின்று பார்த்தால் அந்தத் தூண் முழுசாகத் தெரிந்தது.

---

திருவட்டாறு மூத்தாசாரி எழுதியது:

மக்ளே, நன்றாகச் சொன்னாய். ஆனால் பச்சை மரம் விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. நாங்கள் தேக்கோ அயனியோ வெட்டினால் தேய்பிறை பார்த்து வெட்டுவோம். அறுத்து, இடையில் ரீப்பர் வைத்து நிழலில் அடுக்கி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் உளி வைப்போம். பச்சை மரத்தில் நிலை செய்து கொடுத்தால் அடுத்த மழைக்குக் கதவு அடையாது, வீட்டுக்காரர் நம்மை வாசலில் ஏற்றமாட்டார். கதவுக்கே இப்படி என்றால், முழுச் சட்டத்தையும் பச்சையில் செய்து மர ஆணி அடித்தால் மூட்டு தளர்ந்துபோகாதா? அதை எப்படிப் பிடித்து நிறுத்தினார்கள் என்று சொல்.

---

வேளிமலை எழுதியது:

மூத்தாசாரி, உங்களிடமிருந்து இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். நானும் அங்கே முதலில் கேட்டது இதைத்தான்.

ஓக் காய்ந்துவிட்டால் கல். கைக்கோடாலியும் வாச்சியும் வைத்து ஓரடிக் கனத் தூணைக் காய்ந்த ஓக்கில் செதுக்குவது நடக்காத காரியம். அப்புறம் காயும் நேரம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது அங்கத்திய தச்சர் கணக்கு. தூண் காய்ந்து முடிய பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை வீடு கட்டக் காத்திருக்க யாராலும் முடியாது. நீங்கள் சொன்ன கதவு, ஜன்னல், பெட்டி இவற்றுக்கெல்லாம் அங்கேயும் காய்ந்த மரம்தான். அது வேறு தச்சர் வேலை. சட்டத்துக்கு மட்டும்தான் பச்சை.

மூட்டு தளராமல் இருக்கிற வித்தைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. துளைக்கட்டையில் ஆணித்துளை போடுவார்கள். நாக்கை உள்ளே விட்டு அந்தத் துளையின் இடத்தைக் குறித்துக்கொண்டு, வெளியே எடுத்து, நாக்கில் துளை போடும்போது குறியிலேயே போடமாட்டார்கள். ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), சில சமயம் அதற்கும் கொஞ்சம் கூட, நாக்கு தொடங்கும் தோள்பட்டைப் பக்கமாகத் தள்ளிப் போடுவார்கள். மறுபடி சேர்த்தால் மூன்று துளைகளும் ஒரே நேரில் இருக்காது. இப்போது நுனி சிறுத்த மர ஆணியைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கினால், ஆணி வளைந்து நுழைந்து நாக்கை உள்ளே இழுக்கும். மூட்டின் தோள் இரண்டும் ஒன்றோடொன்று இறுகிப் போகும். அந்த இழுப்பு ஆணிக்குள்ளேயே நிற்பதால், மரம் காய்ந்து சுருங்கச் சுருங்க மூட்டு பிடிவிடாது.

அந்த ஆணியை ரம்பத்தால் அறுக்கமாட்டார்கள். காய்ந்த ஓக்கை நார் வழியே பிளந்து, கத்தியால் சீவி எடுப்பார்கள். அறுத்த ஆணியில் நார் குறுக்கே அறுபட்டிருக்கும், வளையும்போது ஒடிந்துவிடும். பிளந்த ஆணி வளையும். ஒரு பழைய சட்டத்தைப் பிரித்தபோது வெளியே தட்டி எடுத்த ஆணிகள் நடுவில் இரண்டு மடக்காக வளைந்தே இருந்தன. அத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்த வளைவு அப்படியே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு நிற்கும் இடத்தில் மரத்தை வெட்டிச் சேர்ப்பதில்லை. தச்சர் களத்தில் ஒவ்வொரு சட்டத்தையும் தரையில் படுக்கையாக அடுக்கி, வளைந்த மரத்தின் மேல் வளைந்த மரத்தை வைத்து, தூக்குக்குண்டு பிடித்து, ஒவ்வொரு மூட்டையும் அந்தந்த மரத்தின் வளைவுக்கு ஏற்ப வெட்டுவார்கள். ஒரு மூட்டு இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதனால் கலைப்பதற்கு முன் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு கட்டைக்கும் ஒரே எண்ணைக் கீறிவிடுவார்கள். ரோமன் எண்கள், ஏனென்றால் நேர்க்கோடுகளை உளியால் வெட்டுவது சுலபம். அப்புறம் பிரித்து, வண்டியில் ஏற்றி, ஊருக்குக் கொண்டுபோய் எண் பார்த்து நிறுத்துவார்கள். பழைய பப்பில் உட்கார்ந்து மூட்டுகளை உற்றுப் பார்த்தால் அந்தக் கீறல் எண்கள் இன்றும் தெரியும்.

அண்ணாச்சி அடுத்த தடவை மகள் வீட்டுக்குப் போனால் லீ கோர்ட் களஞ்சியத்துக்கும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். வூஸ்டர் பக்கத்திலேயே இருக்கிறது. பெர்ஷோர் மடத்துக்காக 14ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டியது. அதில் தூணும் உத்திரமும் தனித்தனியாக இல்லை. தரையிலிருந்து முகட்டை நோக்கி வளைந்தபடி எழும் பெரிய ஓக் மரங்கள், இரண்டிரண்டாக எதிரெதிரே. பிரிட்டனில் அந்த வகையில் மிகப் பெரிய கட்டடம் அதுதான். இந்த வளைமரச் சட்டம் மேற்கிலும் வடக்கிலும் நிறைய. கென்ட், சஃபோக் பக்கம் தேடினாலும் கிடைக்காது.

---

பாறசாலை ஜோபின் எழுதியது:

சேச்சி, இரண்டு சந்தேகம். கொஞ்ச நாள் முன்னால் இங்கிலாந்தில் சாய்ந்த பப் ஒன்று எரிந்து இடிக்கப்பட்டது என்று செய்தி பார்த்தேன். அதுவும் இந்த மாதிரி மரச்சட்டமா? அப்புறம், பப் உத்திரங்கள் எல்லாம் பழைய போர்க்கப்பலை உடைத்த மரம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். உண்மையா? மூணாறு போகிற வழியில் ஒரு ரிசார்ட்டிலும் இதே கறுப்பு வெள்ளைக் கட்டம் பார்த்தேன். அதுவும் இதே வேலைதானா?

---

வேளிமலை எழுதியது:

ஜோபின், நீ சொல்வது ஸ்டாஃபோர்டுஷைரில் இருந்த குரூக்கட் ஹவுஸ். 2023 ஆகஸ்டில் எரிந்தது, இரண்டே நாளில் இடித்துத் தள்ளினார்கள். அது செங்கல் கட்டடம். கீழே நிலக்கரி தோண்டியதால் நிலம் இறங்கி ஒரு பக்கம் சாய்ந்தது. மரச்சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தச் சம்பவத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். அது பாதுகாப்புப் பட்டியலில் ஏறியிருக்கவில்லை. பட்டியலில் உள்ள கட்டடமாக இருந்தால் அனுமதியில்லாமல் ஒரு தூணை மாற்றினாலே அங்கே கிரிமினல் குற்றம். பிறகு அதைப் பழையபடியே திருப்பிக் கட்ட வேண்டும் என்று உள்ளூர் கவுன்சில் உத்தரவு போட்டது.

கப்பல் கதை ஊருக்கு ஊர் சொல்வார்கள். கடலிலிருந்து தூரத்தில், மாட்டுவண்டி போகிற கிராமத்துக்கு உப்பில் ஊறிய கப்பல் மரத்தை இழுத்துக்கொண்டு போக யாருக்கும் தேவையில்லை, பக்கத்துத் தோப்பிலேயே ஓக் நின்றது. உத்திரத்தில் வேலையில்லாத துளைகளைப் பார்த்துத்தான் இந்தக் கதை பிறக்கிறது. அந்தத் துளைகளுக்கு வேறு பதில் இருக்கிறது. முன்பு அங்கே ஒரு சுவர் இருந்திருக்கும், அல்லது மரமே வேறொரு வீட்டிலிருந்து வந்திருக்கும். ஒரு காலித் துளையைப் பார்த்து, அங்கே நின்ற சுவரையும் கதவையும் கண்டுபிடிக்கலாம். கப்பல் என்று சொல்லிவிட்டால் அந்தத் தேடல் அங்கேயே நின்றுபோகும், எனக்கு அதுதான் வருத்தம்.

ரிசார்ட்டில் பார்த்தது சுவரில் ஒட்டிய பலகையாக இருக்கும். இங்கிலாந்திலேயே 1920, 30களில் பீர் கம்பெனிகள் செங்கல் பப் கட்டி மேலே பலகை அடித்து இப்படி ஏராளமாகச் செய்தன. நிஜச் சட்டத்தில் கட்டைகள் ஒரே அகலத்தில் இருக்காது, மூட்டில் மர ஆணியின் தலை தெரியும், வெளியே தெரிகிற தூண் உள்ளேயும் அதே இடத்தில் தெரியும். இந்த மூன்றாவதைப் பார்த்தால் போதும்.

---

முளகுமூடு மரக்கடை எழுதியது:

மிக்க நன்றி. தம்பிமார் எல்லாரையும் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டினேன். மூத்த தம்பி ஒரு கேள்வி கேட்டான், எனக்கும் பதில் தெரியவில்லை. 600 வருஷம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? பத்திரம் இருக்கிறதா? எங்கள் வீட்டுக்கு வயது 150 என்று ஒருவர் சொல்கிறார், 300 என்று இன்னொருவர். அறைப்புரை நிரையின் அடியில் கொஞ்சம் உளுத்திருக்கிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். அறைப்புரை தேக்கு, மற்றது பலா.

---

வேளிமலை எழுதியது:

வயதைச் சொல்ல அங்கே இரண்டு வழி. ஒன்று மேலே ஏறிக் கழுக்கோலைப் பார்ப்பது. அந்தக் காலத்து வீட்டில் புகைபோக்கி கிடையாது. நடுக்கூடத்தில் தரையிலேயே நெருப்பு, கூடத்துக்கு மச்சும் இல்லை, தரையிலிருந்து கூரைவரை திறந்த வெளி. புகை ஓட்டின் இடுக்கிலும் கூரைத் திறப்பிலும் வெளியேறும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் செங்கல் புகைபோக்கி வந்தது. புகை அடங்கியதும் கூடத்துக்கு நடுவே மச்சு போட்டார்கள். இன்று பப்பில் உங்கள் தலையை இடிக்கிற அந்தத் தாழ்ந்த உத்திரம் பல இடங்களில் அப்போது புகுத்தியதுதான். ஆள் நுழைந்து உட்காரும் அளவு பெரிய கணப்பும் அப்போது வந்ததே. மச்சுக்கு மேலே ஏறிக் கூரை மரம் புகையில் கருத்துப் பளபளப்பாக இருந்தால், புகைபோக்கிக்கு முந்தைய வீடு என்று தெரிந்துவிடும். ஃபிளீஸில் கணப்புக்கு முன்னால் தரையில் வெள்ளை வட்டங்கள் வரைந்திருப்பதைப் பார்த்தீர்களா? புகைபோக்கி வழியாகக் கெட்டது இறங்கி வராமல் இருக்க அந்தக் கிராமத்தார் போட்ட காப்பு அது. புகைபோக்கி வந்தது அவர்களுக்கு எவ்வளவு பெரிய மாற்றம் என்று அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது வழி ஆண்டு வளையம். தூணில் பென்சில் கனத்துக்கு ஒரு துண்டைத் துளைத்து எடுத்து, வளையங்களின் அகலத்தை அளப்பார்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் அகலம், வறண்ட ஆண்டில் ஒடுக்கம். அந்த வரிசையை ஏற்கெனவே தேதி தெரிந்த ஓக் வரிசைகளோடு பொருத்திப் பார்ப்பார்கள். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் தூணில் இருந்தால், மரம் வெட்டிய வருஷமே கிடைத்துவிடும், சில சமயம் பருவம்கூட. மூத்தாசாரி கேட்ட பச்சை மரம் இங்கேதான் கைகொடுக்கிறது. வெட்டிய கையோடு கட்டியதால், மரம் வெட்டிய வருஷமும் வீடு நின்ற வருஷமும் ஏறக்குறைய ஒன்று. நம்ம ஊர் போல வருஷக்கணக்காகக் காயப்போட்டிருந்தால் இந்தக் கணக்கு இவ்வளவு கூர்மையாக வராது.

இனி உளுத்த நிரை. முதலில் கூரை ஓட்டையும் இறவாரத்தையும் சரிசெய்யுங்கள். மழை நேராக மரத்தில் விழாமல் இருக்கத்தான் நம் முன்னோர் இறவாரத்தை அவ்வளவு தூரம் இறக்கினார்கள். முற்றத்தில் பிற்பாடு உயர்த்திய தரையோ டைல்ஸோ நிரையின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஒரு சாண் அகலத்துக்குத் தோண்டி எடுத்து, கல் தெரியும்படி விடுங்கள். ஈரம் நின்றால் சிதல் எளிதில் வரும். ஏற்கெனவே யாராவது அடியில் சிமெண்ட் பூசியிருந்தால் உளியால் மெதுவாகப் பெயர்த்து, சுண்ணாம்புச் சாந்து போடுங்கள்.

உளுத்த பலகைக்கு முழுப் பலகையையும் மாற்ற வேண்டாம். இங்கிலாந்தில் 1877இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியதிலிருந்து அவர்கள் பிடிவாதமாகச் சொல்வது, எவ்வளவு குறைவாக வெட்ட முடியுமோ அவ்வளவு குறைவாக வெட்டு, புதிதைப் புதிதாகவே தெரியவிடு என்பது. உளுத்த கால் பகுதியை மட்டும் அறுத்து, அதே சாதிக் காய்ந்த மரத்தில் சாய்வு வெட்டில் ஒட்டுப் போடலாம். மூத்தாசாரியைவிட அதற்கு நல்ல கை இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியாது. பழைய மரம் மாதிரி தெரிய வேண்டும் என்று சாயம் பூசச் சொல்லாதீர்கள்.

---

திருவட்டாறு மூத்தாசாரி எழுதியது:

வருகிறேன் அண்ணாச்சி. நிரையின் நாக்கு பழைய முறையில் வெட்டியதா, பிற்காலத்து வேலையா என்று பார்த்தாலே வயது ஓரளவு சொல்லிவிடலாம். சாய்வு வெட்டு ஒட்டுக்கு உங்கள் கடையிலேயே பழைய தேக்குக் கட்டை ஏதாவது கிடக்கும், ஒதுக்கி வையுங்கள். மக்ளே, அந்த ஒரு நூல் தள்ளித் துளை போடுவதை அயனியில் ஒரு துண்டு வைத்துப் பார்த்தேன். இழுக்கிறது. ஆனால் அயனியில் ஆணி செய்தால் ஒடிகிறது, தேக்கிலும் ஒடிகிறது. எந்த மரம் வைப்பது?

---

வேளிமலை எழுதியது:

மூத்தாசாரி, முற்றிய மூங்கிலின் அடிப்பகுதியைப் பிளந்து பாருங்கள். அறுக்காமல் பிளக்க வேண்டும். தள்ளுவதை அரை நூலாகக் குறைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மரத்தில் அவ்வளவு இழுப்பு வேண்டாம், துளைக்கட்டை பிளந்துவிடும்.

இன்னொரு வேண்டுதல். அறைப்புரையில் அறுத்து எடுக்கிற உளுத்த தேக்குத் துண்டுகளை அடுப்புக்குப் போடாதீர்கள். தேக்கில் ஆண்டு வளையம் தெளிவாக விழும். கேரளத் தேக்கின் வளையங்களை அளந்து பழைய மழைக்கால வரலாற்றையே ஆராய்ந்திருக்கிறார்கள். பலாவில் அப்படித் தெளிவாகத் தெரியாது. அதனால் தேக்குத் துண்டு ஒவ்வொன்றிலும் எந்த அறை, எந்தப் பலகை, எந்த முனை என்று பென்சிலில் எழுதி, காய்ந்த இடத்தில் வையுங்கள். பட்டைப் பக்கம் கொஞ்சமாவது ஒட்டியிருக்கிற துண்டைத் தனியாகக் கட்டி வையுங்கள், அதை நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.